வூ சுன்யோ: கேமரா முன் வருவதற்கு முந்தைய 30 வருடம்

கேள்வி இதுதான்: “பொதுச் சுகாதாரத்தில் மேற்படிப்புக்குப் போக நினைக்கிறேன். சீனாவில் தொற்றுநோயியல் நிபுணர் ஒருவரின் தொழில் வாழ்க்கை எப்படி இருக்கும்? கோவிட் நேரத்தில் தினமும் டிவியில் வந்து பேசினவர்கள் அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?”

இதற்குப் பெரும்பாலும் வூ லியன்-டே பெயரைத்தான் சொல்வார்கள். பினாங்கில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்து, 1910 டிசம்பர் கடைசியில் ஹார்பினுக்குப் போய், நுரையீரல் பிளேக்கை அடக்கிக் காட்டியவர். பெரிய மனிதர், சந்தேகமே இல்லை. ஆனால் அவர் காலமும் வேலை பார்த்த விதமும் வேறு. இந்தக் காலத்தில் ஒருவர் பட்டம் வாங்கி, அரசு நிறுவனத்தில் சேர்ந்து, கிராமம் கிராமமாகப் போய், அப்புறம் அமைச்சக அதிகாரிகளிடம் வாதாடி வாழ்கிற வாழ்க்கை எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், நான் காட்டுவது வூ சுன்யோவை.

கோவிட் நேரத்தில் சீன நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் தலைமைத் தொற்றுநோயியல் நிபுணராகப் பத்திரிகையாளர் சந்திப்புகளில் பேசியவர் அவர். 2023 அக்டோபர் 27ஆம் தேதி, 60 வயதில் இறந்தார். இறந்த செய்தியில் எல்லோரும் கோவிட்டைத்தான் முன்னால் போட்டார்கள். ஆனால் அவருடைய வாழ்நாள் வேலை எச்.ஐ.வி. அதிலும் ஹெராயின் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள், ரத்தம் விற்ற ஏழை விவசாயிகள், பாலியல் தொழில் செய்யும் பெண்கள் என்று யாரும் பக்கத்தில் சேர்க்காத மக்களோடுதான் அது நடந்தது.

1963ல் ஆன்ஹுய் மாகாணத்தில் பிறந்தார். ஆன்ஹுய் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, பெய்ஜிங்கில் இருந்த சீன நோய்த்தடுப்பு மருத்துவக் கழகத்துக்கு வேலைக்கு வந்தார். இன்றைய நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்கு முன்னோடி அதுதான். அப்புறம் அமெரிக்கா. லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரப் படிப்பு, அதைத் தொடர்ந்து 1995ல் தொற்றுநோயியலில் முனைவர் பட்டம். வழிகாட்டி ரோஜர் டெட்டல்ஸ். ஆசிய நாடுகளின் இளம் ஆய்வாளர்களுக்கு எய்ட்ஸ் ஆய்வில் பயிற்சி கொடுத்துத் திருப்பி அனுப்பும் திட்டம் ஒன்று அங்கே இருந்தது. வூ பட்டம் வாங்கியதும் ஊருக்குத் திரும்பினார்.

அவருடைய முனைவர் ஆய்வு நடந்த இடம் முக்கியம். யுன்னான் மாகாணத்தின் மேற்கு ஓரம், பர்மா எல்லை. தெஹோங் என்று அந்தப் பகுதிக்குப் பெயர்; டாய், ஜிங்போ இன மக்கள் வாழும் தன்னாட்சிப் பகுதி. அங்கே ருய்லி என்ற எல்லை ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் 1989ல் ஹெராயின் ஊசி போட்டுக்கொண்டவர்களைப் பரிசோதித்தபோது 146 பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. அதுவரை சீன அதிகாரிகளுக்கு எய்ட்ஸ் என்றால் வெளியிலிருந்து வரும் வியாதி. 1985ல் பெய்ஜிங்கில் பதிவான முதல் நோயாளியும் ஒரு வெளிநாட்டுப் பயணிதான். ருய்லிக்குப் பிறகு அந்த வாதம் நிற்கவில்லை. பர்மாவிலிருந்து இறங்கும் அதே ஹெராயின் மேற்குப் பக்கமும் போனது. ஏறக்குறைய அதே சமயத்தில் நம் மணிப்பூரிலும் ஊசி வழியாக எச்.ஐ.வி. வேகமாகப் பரவியதற்குக் காரணம் அதுவே.

ருய்லிக்குப் பக்கத்து மாவட்டம் லோங்சுவான். வூ அங்கே கிராமங்களில் இறங்கி, இளைஞர்கள் ஏன் போதைப்பொருளைத் தொட ஆரம்பிக்கிறார்கள் என்று கேட்டார். ‘எப்படி நிறுத்துவது’ என்ற கேள்வியைவிட ‘எப்படித் தொடங்குகிறது’ என்பதை முதலில் எடுத்ததுதான் அவருடைய புத்திசாலித்தனம் என்பேன். தொடங்கிவிட்ட ஒருவரை மீட்பது மிகக் கஷ்டம் என்று அந்த ஊர்க்காரர்களுக்கே தெரியும். பிறகு ஊர்ப் பெரியவர்கள், இளைஞர்கள், பெண்கள் எல்லோரையும் சேர்த்து ஒரு தடுப்பு வேலையைத் தொடங்கி, சில கிராமங்களில் அதைச் செய்து, சில கிராமங்களைச் செய்யாமல் ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டார். வேலை நடந்த கிராமங்களில் புதிதாகப் போதைக்குள் போகிறவர்கள் எண்ணிக்கை நன்றாகவே குறைந்தது. 2002ல் அந்த முடிவு அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழ் ஒன்றில் வெளிவந்தது.

மேற்படிப்புக்குப் போகிறவர் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். வகுப்பில் ஒப்பீட்டுக் குழு என்று படிக்கிறோமே, அது களத்தில் என்னவென்றால், பிரச்சினை இருக்கிறது என்று தெரிந்தே சில கிராமங்களைக் கொஞ்ச காலம் காத்திருக்கச் சொல்வது. மனசுக்கு ஒப்பாத வேலைதான். ஆனால் அது இல்லாவிட்டால், வேலைக்குப் பலன் இருந்ததா, இல்லை எல்லையில் சரக்கு வரத்துக் குறைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. பிற்பாடு வூ ஒவ்வொரு அமைச்சகத்திலும் பேசி ஜெயித்தது இந்த மாதிரி ஒப்பீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான்.

அடுத்தது ரத்த விற்பனை. 90களின் முதல் பாதியில் நடுச் சீனாவிலும் கிழக்குச் சீனாவிலும் கிராமங்களில் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியை, வாங்கும் நிலையங்கள் பெருகின. விவசாயி வந்து ரத்தம் கொடுப்பார். ஒரே வகை ரத்தம் உள்ள பலருடையதையும் ஒன்றாகக் கலந்து, இயந்திரத்தில் சுழற்றி, பிளாஸ்மாவைப் பிரித்து எடுத்துக்கொள்வார்கள். மிச்சமிருக்கும் சிவப்பணுக்களை அவரவர் உடம்பில் திரும்ப ஏற்றிவிடுவார்கள். அப்படி ஏற்றினால் ரத்தசோகை வராது, சீக்கிரமே மறுபடியும் வந்து விற்கலாம் என்பது கணக்கு. அப்படிக் கலந்ததில் ஒருவருக்குக் கிருமி இருந்தால் போதும், அதில் ரத்தம் கலந்த மற்றவர்களுக்கும் போய்விடும். கடுகளவு காசுக்காகக் குடும்பம் குடும்பமாக நோய் வாங்கினார்கள்.

வூவும் சக ஆய்வாளர்களும் கிழக்குச் சீனக் கிராமங்களில் பிளாஸ்மா விற்றவர்களிடையே எச்.ஐ.வி. பரவலை அளந்து ஆவணப்படுத்தினார்கள். கட்டுரை 2001ல் வெளிவந்தது. இங்கே வேறு இருவரைச் சொல்லாமல் போனால் நியாயம் இல்லை. ஹெனான் மாகாணத்தில் பிளாஸ்மா நிலையங்களின் ஆபத்தை முதலில் எடுத்துச் சொன்ன வாங் ஷூபிங் வேலையை இழந்து கடைசியில் அமெரிக்கா போனார். அதே மாகாணத்து மகப்பேறு மருத்துவர் காவ் யாவ்ஜியே ஊர் ஊராகப் போய் நோயாளிகளைப் பார்த்தார், துண்டுப் பிரசுரம் அச்சடித்துக் கொடுத்தார், அதற்காகவே வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். 2009ல் நாட்டைவிட்டுப் போய், நியூயார்க்கில் 2023 டிசம்பரில் 95 வயதில் இறந்தார், வூ இறந்து ஒன்றரை மாதத்தில். ஒரே நோயின் எதிரில் நின்ற மூன்று பேர். இரண்டு பெண்கள் வெளியே உரக்கச் சொன்னார்கள், விலையும் கொடுத்தார்கள். வூ உள்ளே இருந்து அளந்து எழுதினார், பதவியும் உயர்ந்தது. உள்ளே இருந்தவர் கோழை என்று நான் நினைக்கவில்லை. அடுத்து வரும் மெத்தடோன் வேலையை வெளியே இருந்து யாராலும் செய்திருக்க முடியாது. அதே சமயம், வெளியிலிருந்து அந்தக் குரல்கள் வராமல் இருந்திருந்தால் அதிகாரிகள் உள்ளே இருப்பவர் சொன்னதைக் கேட்டிருப்பார்களா என்பதும் எனக்குச் சந்தேகம்தான்.

சரி, மெத்தடோன். என் கணிப்பில் அவர் செய்ததிலேயே பெரிய காரியம் இது.

ஹெராயின் பழகினவருக்குச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை அது வேண்டும். கிடைக்காவிட்டால் உடம்பு முறுக்கும், வாந்தி, பேதி, தூக்கமின்மை என்று தாங்க முடியாது. அந்த அவசரத்தில் ஊசியைப் பகிர்ந்துகொள்கிறார்கள், எச்.ஐ.வி. அதில் ஏறிப் போகிறது. மெத்தடோனும் அபினி வகை மருந்துதான். ஆனால் வாயால் குடிக்கலாம், ஒரு தடவை குடித்தால் ஒரு நாள் முழுக்கத் தாங்கும், தலைக்கேறாது. ஊசி தேவையில்லை. இது உலகத்துக்கு முன்பே தெரிந்த சிகிச்சை. சீனாவில் சிக்கல் மருந்தில் இல்லை, சட்டத்தில் இருந்தது. போதை எடுப்பவரைப் போலீஸ் பிடித்துக் கட்டாயப் போதை நீக்க முகாமில் போடும். வெளியே வந்ததும் பெரும்பாலானோர் பழையபடி ஊசிக்கே திரும்புவார்கள். அப்படி ஒரு நாட்டில், அரசாங்கமே தினமும் ஒரு அபினி மருந்தைக் கையில் கொடுக்க வேண்டும் என்று சொன்னால் போலீஸ் அதிகாரி என்ன நினைப்பார்?

2003ல் பரவிய சார்ஸ் என்ற சுவாசத் தொற்று இதில் ஒரு கதவைத் திறந்தது. நோயை மறைத்தால் ஆட்சிக்கே ஆபத்து என்று மேலிடத்துக்குப் புரிந்த வருடம் அது. அந்த வருடம் டிசம்பர் 1ஆம் தேதி பிரதமர் வென் ஜியாபாவ் பெய்ஜிங் மருத்துவமனை ஒன்றில் எய்ட்ஸ் நோயாளிகளுடன் கை குலுக்கினார். இலவசப் பரிசோதனை, இலவச மருந்து என்ற கொள்கையும் அப்போது வந்தது. 2004ல் சுகாதாரம், பொதுப் பாதுகாப்பு, மருந்துக் கட்டுப்பாடு ஆகிய மூன்று துறைகளும் சேர்ந்து 8 மெத்தடோன் கிளினிக்குகளைச் சோதனைக்குத் திறந்தன. பொதுப் பாதுகாப்பு என்றால் போலீஸ். போலீஸையும் திட்டத்தின் சொந்தக்காரர்களில் ஒருவராக்கியது இதன் உயிர்நாடி. கிளினிக் வாசலிலேயே வந்து ஆளைப் பிடித்துப் போனால் மறுநாள் ஒருவரும் வரமாட்டார்கள்.

கிளினிக் எப்படி இருக்கும் என்றால், ஒரு ஜன்னல், அதற்குப் பின்னால் செவிலியர். நோயாளி தன் அட்டையைக் கொடுப்பார். அவருக்கென்று முடிவு செய்த அளவு திரவம் ஒரு சின்னக் கோப்பையில் வரும். ஜன்னலுக்கு முன்னாலேயே குடிக்க வேண்டும், வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. வாயில் வைத்துக்கொண்டு போய் வெளியே விற்றுவிடக் கூடாது என்பதற்காக விழுங்கினாரா என்று பார்ப்பார்கள். நாளைக்கு மறுபடியும் இதேதான். ஞாயிறு கிடையாது, பண்டிகை கிடையாது. கட்டணம் ஒரு நாளைக்கு 10 யுவானுக்கு மேல் வாங்கக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். ஆரம்பத்தில் சேர்வதற்கே நிபந்தனைகள் கடுமை. போதை நீக்க முகாமுக்குப் பலமுறை போய்த் தோற்றிருக்க வேண்டும், உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும். 2006ல் அவற்றைத் தளர்த்தினார்கள்.

முதல் 8 கிளினிக்குகளின் ஒரு வருட முடிவு வந்தபோது, ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் பத்தில் ஏழு பேராக இருந்தது பத்தில் ஒருவருக்கும் கீழே போயிருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கானார்கள். திருட்டு போன்ற குற்றம் செய்ததாகத் தாங்களே ஒப்புக்கொண்டவர்கள் ஐந்தில் ஒருவர் என்ற அளவிலிருந்து நூற்றில் சுமார் நான்கு பேராகக் குறைந்தார்கள். போலீஸ்காரர் முன்னால் வைக்க வேண்டிய எண் அந்தக் கடைசி எண்தான். சுகாதாரத் துறைக்கு எச்.ஐ.வி. கணக்கு, போலீஸுக்குக் குற்றக் கணக்கு, மாகாண அரசுக்கு வேலைவாய்ப்புக் கணக்கு. ஒரே ஆய்வில் இந்த மூன்றையும் கேட்டு வைத்தது தற்செயலாக இருக்க முடியாது. சில வருடங்களில் கிளினிக்குகள் 700ஐத் தாண்டின. உலகத்தின் மிகப் பெரிய மெத்தடோன் திட்டங்களில் ஒன்றாக அது ஆனது.

இந்தக் கட்டத்தில்தான், 2005ல், அவர் தேசிய எய்ட்ஸ் மற்றும் பால்வினை நோய்த் தடுப்பு மையத்துக்கு இயக்குநரானார். அதே வருடம் போதைப்பொருள் தீங்குக் குறைப்புக்கான சர்வதேச ரோல்ஸ்டன் விருது; 2008ல் ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பின் தங்கப் பதக்கம். விருதுகளை விட்டுவிடலாம்.

பெரிதாக யாரும் பேசாத இன்னொரு வேலை தெற்குச் சீனாவின் குவாங்சி பகுதியில் நடந்தது. எச்.ஐ.வி. இருக்கிறது என்று முதல் பரிசோதனையில் தெரிந்தவர் மருந்து ஆரம்பிப்பதற்குள் இறந்துபோவது ஏன் என்ற கேள்வி. மருந்து இலவசம்தான். ஆனால் முதல் பரிசோதனை ஒரு இடத்தில், உறுதிப் பரிசோதனைக்கு மாதிரி வேறு ஊருக்குப் போகும், முடிவு வர வாரக்கணக்கு, அப்புறம் நோய் எதிர்ப்புச் செல் எண்ணிக்கைக்கு இன்னொரு தடவை, மருந்துக்குப் பதிய மற்றொரு தடவை. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் பேர் காணாமல் போவார்கள். பஸ் காசு இல்லாதவர், லீவு கிடைக்காதவர், யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயந்தவர். வூவின் குழு இந்தப் படிகளைச் சுருக்கி, எல்லாப் பரிசோதனையையும் முடிந்தவரை ஒரே வருகையில் முடித்துவிடும் முறையை முதலில் 2 மாவட்டங்களில் செய்து பார்த்தது. பிறகு 12 மாவட்ட மருத்துவமனைகளில், குலுக்கல் முறையில் பாதிக்குப் புது முறை, பாதிக்குப் பழைய முறை என்று பிரித்துச் சோதித்தது. புது முறையில் மருந்து தொடங்கியவர்கள் கூடினார்கள், இறப்பு குறைந்தது. புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. வரிசையைத்தான் மாற்றினார்கள். பொதுச் சுகாதாரம் படிக்கப் போகிறவர் இந்த ஆய்வை வாசித்தால், தன் ஊர் அரசு மருத்துவமனையில் எத்தனை ஜன்னல்களில் ஒரு நோயாளி நிற்கிறார் என்று எண்ண ஆரம்பித்துவிடுவார்.

2017ல் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் தலைமைத் தொற்றுநோயியல் நிபுணர் ஆனார். மூன்று வருடத்தில் கோவிட்.

உலகம் முழுக்க மருத்துவர்கள் 2020 பிப்ரவரியில் முதலில் பிடித்துக்கொண்ட பெரிய எண்கள் அவருடைய கட்டுரையிலிருந்து வந்தவை. பிப்ரவரி 11 வரை பதிவான 72,314 பேரின் விவரம். அதில் பரிசோதனையில் உறுதியானவர்கள் 44,672. இவர்களில் 1,023 பேர் இறந்திருந்தார்கள், அதாவது 2.3 சதவீதம். 80 வயதைத் தாண்டியவர்களில் 14.8 சதவீதம். நோயின் அளவில் 81 சதவீதம் லேசானது, 14 சதவீதம் கடுமையானது, 5 சதவீதம் உயிருக்கு ஆபத்தானது. எத்தனை படுக்கை, எத்தனை வென்டிலேட்டர் வேண்டும் என்று நாடுகள் கணக்குப் போட இந்த 81-14-5 உதவியது. அந்த 2.3ஐப் பலரும் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அது பரிசோதனையில் உறுதியானவர்களுக்குள் மட்டும் எடுத்த விகிதம். அறிகுறி இல்லாமல் வந்து போனவர்கள் பெரும்பாலும் கணக்கிலேயே வரவில்லை. கீழே உள்ள எண் என்ன, அதாவது மொத்தம் எத்தனை பேரில், என்று கேட்காமல் சதவீதத்தை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுவது நம் துறையில் வழக்கமாக நடக்கும் தவறு.

அதற்குப் பிறகு அவர் அரசின் குரலாக ஆனார். 2022ல் பூஜ்ய கோவிட் கொள்கையை, அதாவது ஒரு தொற்றுகூடப் பரவ விடாமல் அடக்கும் கொள்கையை, பொதுவெளியில் தொடர்ந்து ஆதரித்துப் பேசினார். 2022 செப்டம்பரில் சோங்சிங் நகரத்தில் குரங்கம்மை முதல் நோயாளி பதிவானதும், வெளிநாட்டுக்காரர்களுடன் தோலோடு தோல் படும் தொடர்பு வேண்டாம் என்று சமூக ஊடகத்தில் எழுதினார். இனவெறிக்கு இடம் கொடுக்கும் பேச்சு என்று சீனாவுக்குள்ளேயே கண்டித்தார்கள். கண்டனம் சரிதான். நோயாளியைத் தள்ளிவைத்தால் நோய் ஒளிந்துகொள்ளும் என்று 30 வருடமாக எய்ட்ஸில் காட்டியவர் இப்படி எழுதியது வருத்தமான விஷயம். 2022 டிசம்பரில் கட்டுப்பாடுகளை ஒரே அடியாக எடுத்தபோது, இந்தக் குளிர்காலத்தில் மூன்று அலைகள் வரும் என்று எச்சரித்தார். 2023 ஜனவரி 21ஆம் தேதி, ஏற்கெனவே மக்களில் 80 சதவீதம் பேருக்குத் தொற்று வந்துவிட்டது என்று எழுதினார். இடைப்பட்ட வாரங்களில் முதியவர்கள் கூட்டம் கூட்டமாக ஆஸ்பத்திரிகளில் கிடந்தார்கள். அவர்களில் பலருக்குத் தடுப்பூசி முழுமையாகப் போட்டிருக்கவில்லை.

எச்.ஐ.வி.யில் அத்தனை பொறுமையாகச் சோதித்துப் பார்த்துக் கொள்கையை நகர்த்தியவர் கோவிட்டில் ஏன் கொள்கையை விளக்குபவராக மட்டும் நின்றார் என்று கேட்டால், என் பதில் இது: எச்.ஐ.வி.யில் மேலே இருப்பவர்கள் கவனிக்காத காலம் அவருக்கு நிறையக் கிடைத்தது. ஆங்காங்கே சில மூலைகளில் எட்டு கிளினிக் திறந்து, ஒரு வருடம் பார்த்து, தப்பாக இருந்தால் மூடிவிடலாம். கோவிட்டில் முடிவை உச்சத்தில் எடுத்துவிட்டார்கள், சோதனைக்கு மூலையே மிச்சமில்லை. பதவி உயர்ந்த அளவுக்குக் கை கட்டப்பட்டது. இது சீனாவில் தீவிரமாகத் தெரிகிறது, ஆனால் அரசாங்கத்தில் வேலை பார்க்கும் எந்த நாட்டுத் தொற்றுநோயியல் நிபுணருக்கும் ஏதோ ஓர் அளவில் இது உண்டு. வேலையில் சேரும்போதே தெரிந்துகொண்டு சேருவது நல்லது.

மெத்தடோன் கிளினிக்குகளுக்கு வருகிறவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். ஹெராயின் பழக்கம் குறைந்து, மெத்தம்பெட்டமைன் போன்ற செயற்கைப் போதைப்பொருள்கள் அந்த இடத்தைப் பிடித்தன. அவற்றுக்கு மெத்தடோன் வேலை செய்யாது. சீனாவில் இன்று கண்டுபிடிக்கப்படும் எச்.ஐ.வி. தொற்றுகளில் ஊசி வழி வந்தவை மிகச் சிறு பங்கு, பெரும்பாலும் பாலுறவு வழியாகத்தான் பரவுகிறது. அதில் வயதான ஆண்களிடமும் பரவுவது இப்போது பெரிய கவலை.

அவருடைய கட்டுரைகளில் எதிலிருந்து ஆரம்பிப்பது என்று அடுத்துக் கேட்பீர்கள். 2007ல் லான்செட் இதழில் அவரும் சக ஆய்வாளர்களும் சீனாவின் எய்ட்ஸ் நடவடிக்கை எப்படி மாறி வந்தது என்று எழுதிய கட்டுரையை முதலில் எடுங்கள். ஆரம்ப வருடங்களில் அரசு செய்த தவறுகளையும் அதில் ஓரளவு வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். அதற்கப்புறம் குவாங்சி ஆய்வு.